எண்ணிக்கைக்காகப் பலா நட்ட ஃபோர்மேன்

கலியமூர்த்தி ஃபோர்மேன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் என் கொல்லையில் நிலக்கடலைக்குக் களை பறித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் மனைவி சரோசாம்மாதான் சொன்னார். "அண்ணே, மூச்சு நின்னுடிச்சு. வந்து பாருங்க." கையிலிருந்த களையை வரப்பில் போட்டுவிட்டு எழுந்தேன். அழுகை வரவில்லை. வரவழைத்துக்கொள்ளவும் நான் முயலவில்லை.

காரியத்தன்று படிக்க நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டவரும் சரோசாம்மாதான். சுரங்கத்தில் கலியமூர்த்தியோடு ஷிஃப்ட் பார்த்தவர்கள், குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டில் இருந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது என்னை ஏன் கேட்கிறீர்கள் என்றேன்.

"அவங்க எல்லாம் தங்கமானவருன்னு எழுதுவாங்கண்ணே. கேக்க எனக்கே சிரிப்பு வந்துடும். தெனம் அவரோட மல்லுக்கு நின்னவரு நீங்கதான். நீங்களே எழுதுங்க."

நான் எழுத்துக் கற்றுக்கொண்டு ஒரு வருடம்தான் ஆகிறது. கை மெதுவாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் இப்படி ஓர் ஆளைப் பற்றி எழுதக் கிடைத்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். அவரை அறிந்த நீங்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர், முத்தாண்டிக்குப்பம் போகும் சாலையோரம் வீடு கட்டினார். முன்னால் ரோஜா வைத்தார். ரோஜாவுக்கு இடம் போதவில்லை என்று பக்கத்துக் கொல்லையை வாங்கினார். அதுவும் போதாமல் பின்னால் இருந்த கொல்லையையும் வாங்கினார். "வூட்டுத் தோட்டம் கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்" என்று டீக்கடையில் உட்கார்ந்து சொன்னார். அவர் வாங்கிய இரண்டு கொல்லைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது என்னுடைய முப்பது சென்ட்.

என் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டே காலத்தைக் கழித்தவர்கள். நான் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் கூலியாக மண் சுமந்து வாங்கிய இடம் இது. எங்கள் வம்சத்துக்கு இதுதான் முதல் நிலம். பெர்மனெண்ட் வேலை பார்த்த ஃபோர்மேனுக்கு அது கண்ணை உறுத்தியது.

"யோவ் வீராசாமி, என் தோட்டத்துல ஒரு பல்லு விழுந்த மாதிரி இருக்குதுய்யா உன் கொல்ல. பேசாம வித்துடு."

"விழுந்த பல்லு இல்ல ஃபோர்மேன். இது ஒண்ணுதான் மொளச்ச பல்லு. சுத்தி இருக்கிறதெல்லாம் நீங்க கட்டிக்கினது."

அவர் வாயில் அப்போது பாதிக்கு மேல் கட்டிய பற்கள். பட்டென்று வாயை மூடிக்கொண்டார். அன்று சாயங்காலம் முழுக்க நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சிரித்ததற்குப் பலன் சீக்கிரமே வந்தது. என் கொல்லைக்குப் போகும் பாதை அவர் புதிதாக வாங்கிய இடத்தின் ஓரமாகப் போகிறது. காலகாலமாக எல்லாரும் நடந்த பாதை. அதன் குறுக்கே இரும்புக் கேட் போட்டுப் பூட்டினார். ஏன் என்று கேட்டேன். "என் எடம், என் கேட்டு. ஒனக்கு வேணும்னா பறந்து வாய்யா" என்றார். அந்த வருடம் கடலை மூட்டைகளை நான் ஓடையில் இறங்கி ஏறித் தலையில் சுமந்தேன். அவர் மொட்டைமாடியில் காபி டம்ளரோடு நின்று பார்த்தார். முழங்கால் விட்டுப்போனால் விற்றுவிடுவேன் என்பது அவருடைய கணக்கு. முழங்கால் விட்டுத்தான் போனது. நான் விற்கவில்லை.

பிறகு, சுரங்கம் எங்கள் பக்கம் திரும்பப் போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஃபோர்மேன் வீட்டில் திருவிழாதான். வண்டி வண்டியாகப் பலாக்கன்று வந்து இறங்கியது. சுரங்கத்துக்கு நிலத்தை எடுக்கும்போது அதில் நிற்கும் மரங்களையும் எண்ணி, மரத்துக்கு இவ்வளவு என்று இழப்பீடு போடுவார்கள் என்று நம் பக்கத்தில் எல்லாரும் பேசிக்கொள்வதுதான். வாங்கிய இரண்டு கொல்லையிலும் முழத்துக்கு ஒரு கன்று நட்டார். ரோஜாச் செடிகளுக்கு நடுவில்கூட விடவில்லை.

"ஃபோர்மேன், பலா இது. இவ்வளவு நெருக்கி வெச்சா காய்க்குமா?"

"காய்க்கவா வெக்கிறேன்? எண்ண வெக்கிறேன்யா. வரவன் எண்ணிக்கினு போனா முடிஞ்சிது வேல."

"அப்ப வூடு?"

"வூடும் போவட்டும். அதுக்கும் சேத்துத்தான் குடுப்பான்."

பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பில் பிறந்து வளர்ந்தவர் அவர். தெரியாமல் செய்திருந்தால் பாவம் என்று விட்டிருப்பேன். பலா எவ்வளவு இடம் கேட்கும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். வெட்டுவதற்கென்றே மரம் நட்ட மனிதரை நான் அன்றைக்கு மதிக்கவில்லை. செத்துப்போனார் என்பதற்காக இன்றைக்கு மதிக்கப்போவதும் இல்லை. தன் வீட்டை இடிக்க எப்போது வருவார்கள் என்று ஆசையாக வாசலில் நின்று சாலையைப் பார்த்த ஆளை நீங்கள் வேறு எங்கே காண முடியும்? சுரங்கம் வர வேண்டும் என்று அவர் கும்பிட்டார். வரக் கூடாது என்று நான் கும்பிட்டேன். இரண்டு பேருக்கும் ஊரில் இருப்பது ஒரே சாமி. அதற்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

அளவெடுக்க யாரும் வரவில்லை. பேச்சு அப்படியே அடங்கிப்போனது. கன்றுகள் மட்டும் வளர்ந்தன. ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு, வெயிலைத் தேடி ஒல்லியாக மேலே போயின. ஒரு மரமும் காய்க்கவில்லை. ரோஜா எல்லாம் நிழலில் செத்தது. பகலிலேயே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியதாயிற்று. துணி காயாமல் சரோசாம்மா என் வேலியில் கொண்டுவந்து போட்டார். பாதி மரத்தையாவது வெட்டுங்கள் என்று அந்த அம்மாள் கெஞ்சியது என் காதில் விழுந்திருக்கிறது. "வெட்டிட்டு, நாளைக்கே வந்து எண்ணுனா நீயா குடுப்ப?" என்று அவர் கத்தியதும் விழுந்திருக்கிறது.

கடைசியில் ஃபோர்மேனுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. காலை வெயிலில் உட்கார வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருடைய இவ்வளவு பெரிய தோட்டத்தில் ஒரு நாற்காலி போடும் அளவுக்கு வெயில் இல்லை. மாடிப்படி ஏற முடியாது. சரோசாம்மா வேலியருகே வந்தார்.

"அண்ணே, உங்க கொல்லையில அவருக்கு ஒரு நாற்காலி போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கட்டும். ஓடையச் சுத்தி வரச் சொல்லுங்க."

"நடக்க முடியாத மனுசன்ணே."

"அப்ப கேட்டத் தெறக்கச் சொல்லுங்க."

சில நாள் வீம்பாக இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு திறக்கச் சொன்னார். பூட்டு துருப்பிடித்துச் சாவி திரும்பவில்லை. நானே கல்லை எடுத்து உடைத்தேன். அவ்வளவு சுகமான வேலையை நான் செய்ததே இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் என் கடலைச் செடிகளுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்து என்னைத் திட்டினார். நன்றி என்ற வார்த்தை வரவில்லை.

"அன்னிக்கே வித்திருந்தா இப்ப நான் என் எடத்துலயே ஒக்காந்திருப்பேன்."

"வித்திருந்தா இங்கயும் பலா வெச்சிருப்பீங்க ஃபோர்மேன். வெயிலு எங்கேருந்து வரும்?"

இப்போதாவது ஒப்புக்கொள்வார் என்று நினைத்தேன். "பேச்ச வுட்டு ரெண்டு மல்லாட்டயப் புடுங்கிக் குடு" என்றார். பிடுங்கிக் கொடுத்தேன். பச்சைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டே, "எப்பதான்யா வித்துத் தொலைப்ப?" என்றார்.

பால் தெளித்த மறுநாள் சென்னையிலிருந்து வந்த அவர் மகன் என் கொல்லைக்கு வந்தான். "பெரியப்பா, இது அப்பா ரொம்ப ஆசப்பட்ட எடம். அவர் நெனவா நாங்களே எடுத்துக்கலாம்னு..." என்று இழுத்தான். துக்க வீட்டுப் பிள்ளையை எப்படி மறுப்பது என்று நான் தயங்கினேன். பின்னாலேயே வந்த சரோசாம்மா, "அவங்க அப்பனுக்குச் சொன்ன மாதிரியே சத்தமா சொல்லுங்கண்ணே. அப்பதான் இவனுக்கு ஏறும்" என்றார். சத்தமாகவே சொன்னேன்.

கலியமூர்த்தியிடமிருந்து எனக்கென்று என்ன மிஞ்சியது என்று இதை எழுதும்போது யோசித்துப் பார்த்தேன். நல்ல குணம் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் என் அப்பாவிடம் யாரும் எதையும் விலைக்குக் கேட்டதில்லை. கேட்பதற்கு அவரிடம் எதுவும் இருந்ததில்லை. எங்கள் வம்சத்தில் 'விக்க மாட்டேன்' என்று வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் நான். தினமும் வேலியருகே வந்து அதைச் சொல்ல வைத்தவர் அவர்தான். சொல்லச் சொல்ல அது எனக்கு ருசித்தது. அந்த ஒரு பேச்சை நான் வைத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாவற்றையும் அவரே எடுத்துக்கொண்டு போகட்டும்.