நாலாவது எலுமிச்சம்பழம்

ஐஸ் ஹாக்கி என்று ஒரு விளையாட்டு இருப்பதே எனக்கு முப்பத்தெட்டு வயதில்தான் தெரியும். தெரிந்த மறுமாதமே ஒரு ஐஸ் ஹாக்கி டீமின் பிழைப்பு என் கைக்கு வந்து சேர்ந்தது. பாவம், அந்த டீம்.

ஊரில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஐஸ் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நான். மீன்பிடி போட்டுகளுக்குப் போகும் ஐஸ் கட்டிகளை உறைய வைத்து, உடைத்து, ஏற்றிவிடுவது என் வேலை. பிறகு வளைகுடாவுக்கு வந்து, ஓமானில் சோஹாரில் மூன்று வருஷமும் எமிரேட்ஸில் ஐந்து வருஷமும் கட்டடங்களின் மொட்டை மாடியில் ஏசி சில்லர் பழுது பார்த்தேன். ஆகஸ்ட் மாதம் அந்த மாடியில் நின்றவர்களுக்குத்தான் அந்த வெயில் தெரியும். மத்தியானம் ஓய்வு உண்டு, சட்டம் இருக்கிறது. ஆனால் காலை பத்து மணிக்கே ஸ்பேனரைத் துணி சுற்றிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

துபாயிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி ஒரு ஐஸ் அரங்கம் கட்டினார்கள். அதைப் பராமரிக்கும் காண்டிராக்ட் எங்கள் கம்பெனிக்கு வந்தது. ஆபீசில் யாரோ என் பழைய பயோடேட்டாவைப் புரட்டி, ஐஸ் பிளான்ட் என்று எழுதியிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "ஐஸ் தெரியுமா?" என்று கேட்டார்கள். "ஐஸ்தான் தெரியும்" என்றேன். என்ன ஐஸ் என்று அவர்களும் கேட்கவில்லை, நானாகச் சொல்வதற்கு எனக்கும் பைத்தியம் இல்லை. வெயிலிலிருந்து தப்பித்தால் போதும் என்று ஜெர்கினை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

என்னோடு இன்னொருவர், அறந்தாங்கிப் பக்கத்து அண்ணன். ஐம்பதை எட்டிப் பிடிக்கும் வயது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவரை ஐஸ் வண்டி ஓட்டக் கொண்டுவந்திருந்தார்கள். ஐஸ் வண்டி என்றால், விளையாடிக் கீறலான ஐஸை மேலாகச் சீவி எடுத்து, பின்னாலேயே வெந்நீரை மெல்லிசாக ஊற்றிக்கொண்டு போகும் வண்டி. நீர் உறைந்ததும் தரை கண்ணாடியாகிவிடும். அண்ணன் அதைக் கோயில் தேர் மாதிரி நிதானமாக ஓட்டுவார். எங்கள் இருவருக்கும் மேலே பெஷாவர்காரர் ஒருவர் சூப்பர்வைசர். எதைச் சொன்னாலும் "மாஃபி பிராப்ளம்", ஒரு பிரச்சினையும் இல்லை என்பார், அரை மணி நேரம் கழித்து அந்தப் பிராப்ளத்துக்காக நம்மையே திட்டுவார்.

அரங்கம் வந்ததும் டீம் வந்தது. வளைகுடா லீக்கை அந்த வருஷம் பெரிதாக்கி, புதிதாக ஒரு டீமுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அந்த இடம்தான் எங்களுக்கு. ஆட்களைச் சேர்த்த விதம்தான் வேடிக்கை. ஏற்கெனவே இருக்கும் டீம்கள் தங்களுக்கு வேண்டியவர்களைக் கையில் பிடித்துக்கொண்டு, மீதிப் பேரில் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டன. ஏற்றுமதி மீனெல்லாம் போனபிறகு ஏலக்கூடத்துக்குப் போனவர்கள் மாதிரிதான் எங்கள் நிர்வாகம். அகப்பட்டதைக் கூடையில் போட்டுக்கொண்டு வந்தது. ஒருவருக்குத் தோள்பட்டை நிற்காது, ஒருவர் ரிட்டயர் ஆகி மனம் மாறி வந்தவர். கோல்கீப்பருக்கு வெயில் ஆகாது. வந்து இறங்கியதே ஆகஸ்டில்.

கோச் ஏதோ குளிர்தேசத்துக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், கருவேலம் புதர் மாதிரி தாடி. இடது காலை வீசி வீசி நடப்பார், ஊருக்கே பெரிய மனுஷன் போல. வந்த வாரத்திலேயே இந்த ஊர் வழக்கப்படி எல்லோரையும் "மை பிரெண்ட்" என்று கூப்பிடக் கற்றுக்கொண்டார். இங்கே யாராவது மை பிரெண்ட் என்று ஆரம்பித்தால் அடுத்து வருவது நல்ல சேதியாக இருக்காது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அவர் நடையை நான் நன்றாக நடித்துக் காட்டுவேன். தொழிலாளர் கேம்பில் எங்கள் ரூமில் எட்டுப் பேர், எல்லாம் எங்கள் கடற்கரைப் பக்கம். டியூட்டி முடிந்து வந்து டிபன் கேரியரைக்கூட வைத்திருக்க மாட்டேன், "மக்கா, கோச்சு நடைய ஒருக்கா காட்டுல" என்பார்கள். நெஞ்சை நிமிர்த்தி, இடது காலை வீசி, கட்டிலுக்கும் கதவுக்கும் நடப்பேன். ரூமே சிரித்து உருளும்.

முதல் உள்ளூர் மாட்ச் வந்தது. நான் என் திறமை முழுவதையும் இறக்கினேன். ஐஸ் கம்பெனியில் நாங்கள் கற்ற பாடம் ஒன்றே ஒன்று: எவ்வளவு குளிருமோ அவ்வளவு நல்ல ஐஸ். நாலு நாள் கடலில் கிடந்தாலும் கட்டி கரையக் கூடாது. அதே நினைப்பில் மெஷினை எவ்வளவு கீழே இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கினேன். உள்ளங்காலால் தட்டிப் பார்த்தேன், கருங்கல் தோற்றது. இந்த ஐஸில் சீலா மீனை வைத்தால் கிறிஸ்துமஸ் வரை கெடாது என்று பெருமையாக இருந்தது.

மாட்ச் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் அந்தக் கருங்கல் பொரிகடலை மாதிரி உதிர ஆரம்பித்தது. அதிகம் குளிர்ந்தால் ஐஸ் நொறுங்கும், ஷூவுக்கு அடியில் இருக்கும் கத்தி பிடிக்காது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் அடித்து விளையாடும் ரப்பர் வட்டு சில்லுகளில் பட்டுத் தவளை மாதிரி துள்ளியது. எங்கள் ஆட்கள் விழுந்தார்கள், எதிராளிகள் விழுந்தார்கள், நடுவரும் ஒருமுறை விழுந்தார். எங்கள் ஆட்கள்தான் கொஞ்சம் கூடுதலாக விழுந்தார்கள். ஒன்பது கோல் வாங்கினோம்.

முடிந்ததும் கோச் மெஷின் ரூமுக்குக் காலை வீசிக்கொண்டு வந்தார். "மை பிரெண்ட்," என்றார், "இதற்கு முன்னால் எங்கே ஐஸ் போட்டாய்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. "மீனுக்கு, சார்."

அவர் தாடிக்குள் சிரித்தாரா பல்லைக் கடித்தாரா என்று தெரியவில்லை. மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டு, "பாய், இன்னொரு தடவை ஐஸால் மாட்ச் கெட்டால் கலாஸ், முடிந்தது. திரும்ப மாடிக்கு" என்று கையை மேலே காட்டினார். அன்றிலிருந்து தெர்மாமீட்டரும் நோட்டுமாக அலைந்தேன். கோச்சே தினமும் வந்து, எவ்வளவு குளிர் வேண்டும், தண்ணீர் எவ்வளவு மெல்லிசாக விழ வேண்டும் என்று கையால் தடவிக் காட்டுவார். ஐஸ் தேறிவிட்டது. டீம்தான் தேறவில்லை. ஆறு மாட்ச், ஆறும் தோல்வி. ஐஸ் நன்றாக இருந்ததால் இப்போது வழுக்கிக்கொண்டு வேகமாகத் தோற்றார்கள்.

ஏழாவது மாட்ச் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. அன்று காலையில்தான் புது ஐஸ் வண்டி வந்து இறங்கியது. அதுவரை ஓட்டியது வாடகை வண்டி. அண்ணன் புது வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஜெர்கின் பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்தார்.

"என்னண்ணே இது?"

"புது வண்டிய வெறுஞ்சக்கரத்தோட எடுத்தா வெளங்குமா தம்பி?"

"இது ஐஸ் மேல ஓடுற வண்டிண்ணே. எதுத்தால என்ன, மணல் லாரியா வரப்போவுது?"

"ஆறு மாட்சு தோத்துருக்கான். வாடகை வண்டிக்கு யாரு பழம் வச்சா? அதேன்."

"வெளிய கொண்டுபோயி வைங்கண்ணே" என்றேன். வெளியே வைத்தால் செக்யூரிட்டி பார்த்துவிடுவான் என்றார். நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன், இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும், இடது முன்சக்கரத்துக்கு நான்தான் வைத்தேன். நம்பிக்கை இல்லை என்பதற்காக ஒரு சக்கரத்தை மட்டும் விட்டுவிட முடியுமா?

அண்ணன் கண்ணை மூடிக் கும்பிட்டு, வண்டியை நகர்த்தினார். நாலும் நசுங்கின. அப்படியே ஐஸுக்குள் இறங்கி ஒரு சுற்று வந்தார். நான் தரையைக் கூட்டினேன். மூன்று பழத்தின் தோல்தான் இருந்தது. நாலாவதைக் காணோம். வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் அடித்திருக்கும் ஆணிகளில் பார்த்தேன், இல்லை. ஐஸ் முழுக்கக் குனிந்துகொண்டே நடந்து தேடினேன், இல்லை. அண்ணன், "எங்கயாச்சும் உருண்டு போயிருக்கும், விடு தம்பி" என்றார். விட்டுவிட்டேன்.

சாயங்காலம் நடந்தது அதிசயம்தான். எங்கள் ஆட்கள் ஓடினார்கள், நின்றார்கள், கோல்கூடப் போட்டார்கள். மூன்று பகுதி ஆட்டத்தில் இரண்டு முடிந்தபோது நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். அந்த சீசனில் முதல்முறை. அண்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பிறகு மூன்றாவது பகுதிக்கு ஐஸைச் சரிசெய்ய வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்துக் கோலுக்கு முன்னால், ஐஸுக்கு அடியில் ஒரு விளம்பரம் மஞ்சள் எழுத்தில் வரைந்திருப்பார்கள். வண்டி சீவிக்கொண்டு போனதும் அந்த மஞ்சளில் ஒரு துண்டு கூடுதலாகத் தெரிந்தது. காலையில் தேடியபோது எழுத்தோடு எழுத்தாகக் கிடந்திருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தேன். எலுமிச்சைத் தோல். அதைச் சுற்றி, சாறு இறங்கிய இடத்தில் ஐஸ் இளகி, கட்டைவிரல் ஆழத்துக்குக் குழி.

அந்தக் குழியில் ஒரு ஷூவின் கத்தி இறங்கினால் கால் அங்கேயே நிற்கும், ஆள் நிற்கமாட்டார். இதைச் சரிசெய்யக் கால்மணி நேரமாவது வேண்டும். சூப்பர்வைசரிடம் ஓடினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "மாஃபி பிராப்ளம். இருபது நிமிஷ ஆட்டம்தான். யல்லா, நடக்கட்டும்" என்றார். ஆட்டக்காரர்கள் வெளியே வர ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு மாடி தெரிந்தது. துணி சுற்றிய ஸ்பேனர் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது, யாரும் விழாமலும் போகலாம். உண்மையைச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கோல்கீப்பர் என்னைக் கடந்து போகும்போது, வழக்கம்போல் தன் கையுறையால் என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்குப் பொறுக்கவில்லை.

கோச்சிடம் போனேன். "சார், ஐஸில் ஓட்டை. என் தப்பு. ஆட்டத்தை நிறுத்துங்கள்" என்றேன்.

அவர் நேரே நடுவரிடம் போனார். அரங்கமே கூச்சல் போட, நானும் அண்ணனும் மண்டி போட்டு உட்கார்ந்தோம். உளியால் தோலைத் தோண்டி எடுத்தேன். தூள் ஐஸைக் குழியில் திணித்து, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் அழுத்தினேன். மறுபடி தூள், மறுபடி தண்ணீர். மீன்பெட்டிக்கு இடுக்கில்லாமல் ஐஸ் அடைத்த கை, அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பதினைந்து நிமிஷத்தில் கல்லாகிவிட்டது.

அதற்குள் எங்கள் ஆட்களுக்கு உடம்பு ஆறிவிட்டது. எதிராளிகளுக்குப் புத்தி வந்துவிட்டது. இரண்டு கோல் வாங்கி, ஒரு கோலில் தோற்றோம். அந்த இடத்தில் மட்டும் யாரும் விழவில்லை.

மெஷின் ரூமில் இருவரும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். கோச் வந்தார். "மை பிரெண்ட்" என்றார். முடிந்தது கதை என்று எழுந்து நின்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடது கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். முட்டியைச் சுற்றிக் கோணல்மாணலாகத் தையல் தழும்பு. முட்டி என்று சொல்லும்படி அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

"நான் கடைசியாக ஆடிய ஆட்டம்" என்றார். "கோலுக்கு முன்னால் ஒரு ஓட்டை. ஐஸ் போடுகிறவன் அதைப் பார்த்திருந்தான். ஆட்டம் நின்றால் வேலை போய்விடும் என்று சும்மா இருந்துவிட்டான். பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து என் கட்டிலருகே நின்று அவனே சொன்னான்." சுருட்டியதை இறக்கிவிட்டார். "உன் சூப்பர்வைசரிடம் பேசிவிட்டேன். நீ இங்கேதான் இருக்கிறாய்."

அவர் என் கையிலிருந்த தோலை வாங்கி முகர்ந்து பார்த்தார். இது எப்படி ஐஸுக்குள் வந்தது என்று கேட்டார். அண்ணன் எனக்கு முந்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையிலும் பத்து விரலிலும் விளக்கினார். கோச் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "அடுத்த வண்டிக்கு வெளியே வையுங்கள். செக்யூரிட்டியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்று எழுந்து, காலை வீசிக்கொண்டு போனார்.

அதற்குப் பின் எங்கள் டீம் முதல் வெற்றி பெற்றது வெளியூரில், வேறு யாரோ போட்ட ஐஸில். அதை இன்னும் கோல்கீப்பர் என்னிடம் சொல்லிக் காட்டுவார்.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி ரூமுக்கு வந்து டிபன் கேரியரைக் கீழே வைத்தேன். "மக்கா, கோச்சு நடைய ஒருக்கா காட்டுல" என்றார்கள். முட்டி வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.