பக்கத்து வீட்டில் சைபர்

அன்று இருந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். மண்டபம் ஊரில், வாடகை மாடியறையில் நான். போனில், மதுரையிலிருந்து என் முதல் கஸ்டமர் சேகர் சார். வெளியே மொட்டைமாடியில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார செல்வி அக்கா.

"தம்பி, ஒண்ணுக்குப் பின்னால பதினெட்டு சைபர் போட்டு, ஒண்ணு கழிச்சா பதினெட்டு ஒன்பதுதான வரணும்? உங்க லைப்ரரி இருபது இலக்கத்துல என்னமோ உளறுது. அஞ்சு மணிக்குள்ள சரியாகலைன்னா இலவசமா கெடைக்கிறதையே போட்டுக்கிறேன். கோவிச்சுக்காதீங்க," என்றார் சேகர் சார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். புரோகிராமிங் வீடியோ பார்த்துக் கற்றது. அது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு. சந்தேகம் கேட்க, உடன் வேலை பார்ப்பவர் என்று யாரும் இல்லை.

சாருடையது பள்ளிப் பிள்ளைகளுக்கான கணக்குப் பயிற்சி ஆப். அதில் பெரிய எண்களைக் கூட்டிக் கழிக்கும் புரோகிராம் தொகுப்புதான் நான் எழுதிக் கொடுத்த லைப்ரரி. பழைய போனிலும் வேகமாக ஓட வேண்டும். அவருடைய ஆட்கள் படித்தால் புரியவும் வேண்டும். அதனால் பெரிய எண்ணை ஒன்பது ஒன்பது இலக்கமாக வெட்டி, அறை அறையாக அடுக்கினேன். கூட்டல், கழித்தல் எல்லாம் பள்ளிக்கூடத்து முறைதான். எண்களைப் பிடித்துவைக்கும் வேரியபிள்களுக்கும் 'மீதி', 'கடன்' என்றே பெயர். கண்டபடி எடுத்த லட்சக்கணக்கான ரேண்டம் எண்களை வைத்து டெஸ்ட் செய்தபோது ஒன்றுகூடத் தப்பாக வரவில்லை.

தனியாகவே இருந்து பழகியதால் புரோகிராமை வாய்விட்டுப் படிப்பேன். "மேலே உள்ளது சின்னதா? ஆமா. பக்கத்துல கடன் வாங்கு. அடுத்த அறை. மேலயும் சைபர், கீழயும் சைபர். சின்னது இல்ல. கடன் வேண்டாம்..."

அக்கா வாசலில் நின்றார். "ஏலே தம்பி, யாருகிட்ட பேசுற? யாருக்குக் கடன்?"

"கணக்குதான்க்கா. ஒரு வீடு பக்கத்து வீட்டுல கடன் கேக்குது. அங்க சைபர்."

"அங்கன இருக்கவ இல்லைன்னா சொல்லுவா? அடுத்த வீட்டுல வாங்கியாவது குடுப்பா. உப்பு கேட்டா நான் அப்படிச் செய்யல?"

சிரித்துக்கொண்டே கருவாட்டைத் திருப்பப் போய்விட்டார். நான் திரையைப் பார்த்தேன். தப்பு, போன வாரம் வேகத்துக்காக நானே ஒரு வரியை வெட்டிய இடத்தில் இருந்தது. மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் ஒப்பிடும்போது, முந்தைய அறைக்கு ஏற்கெனவே கொடுக்க வேண்டிய கடனைச் சேர்க்கவில்லை. இரண்டும் சமமாக இருந்தால் அடுத்த அறையிடம் கேட்காமலே விட்டுவிடும். ரேண்டம் எண்ணில் ஒன்பது இலக்கமும் அப்படிச் சமமாக வருவது அபூர்வம். அதனால்தான் டெஸ்டில் சிக்கவில்லை.

வரியைத் திரும்பப் போட்டு வேகத்தை அளந்தேன். சொல்லும்படி வித்தியாசமே இல்லை. மூன்றரைக்கு அனுப்பினேன். நாலு மணிக்கு "ஓகே தம்பி, இதையே வச்சுக்கிறோம்" என்று மெசேஜ் வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வெளியே வந்தேன். அக்கா கருவாட்டை அள்ளிக்கொண்டு கீழே போயிருந்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல இரண்டுதான் உண்டு. ரேண்டம் எண்ணை நம்பி உட்காராதீர்கள். எல்லாம் சைபர், எல்லாம் ஒன்பது, இரண்டும் ஒரே எண் என்று முதலில் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, அளக்காமல் வேகத்துக்காக ஒரு வரியையும் வெட்டாதீர்கள்.

பேசிய தொகை முப்பதாயிரம். பாதியை சார் முதலிலேயே தந்துவிட்டார். மீதிக்கு மூன்று முறை மெசேஜ் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். இன்னும் வர வேண்டியது பதினைந்தாயிரம் ரூபாய்.