சாத்தாத கதவு

எங்கள் பத்திரிகையில், நான் எடுக்கும் பழைய கதவுகளின் படங்களுக்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்கலாம் என்றேன். செய்தி ஆசிரியர் சிரித்தார்.

"ஏலே, மூஞ்சி இல்லாத போட்டோவ எவன்லே பாப்பான்? சரி, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கொண்டா. இல்லன்னா அந்த எடத்துல வெளம்பரந்தான்."

ஒன்பது கதவுகளை எடுத்து முடித்திருந்தேன். பத்தாவது, தூத்துக்குடி கடற்கரையில் பிலோமினா என்பவரின் வீட்டுக் கதவு. ஒற்றைத் தேக்குப் பலகை. மறுநாள் விடியும்போது போனேன். கதவு உள்பக்கமாகத் திறந்து, ஒரு கல்லின் முட்டில் நின்றது.

"அஞ்சு நிமிஷம் சாத்துங்கம்மா."

"மாட்டேன் சார். எங்க வீட்டு ஆளு கடலுக்குப் போனா, வாரது வரைக்கும் சாத்துததில்ல. மத்த வள்ளமெல்லாம் வந்துட்டு. அவுக வள்ளத்தத்தான் காணல."

முந்தின நாள் மாலையிலிருந்தே காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. நான் வற்புறுத்தவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் பேச்சை மாற்றப் பார்த்தாள். "ஏளா பிலோமி, ஒன் கதவப் போட்டா புடிக்காவ. அதுக்கு மாப்பிள்ள பாக்கவா?"

பிலோமினா சிரிக்கவில்லை. கடலை நோக்கி நடந்தார்.

சூரியன் மேலே வந்தது. கிழக்குப் பார்த்த வாசல். கதவைச் சாத்தியிருந்தால் வெயில் நேரே அடித்து, படம் தட்டையாகியிருக்கும். திறந்து நின்றதால் பலகையை உரசிக்கொண்டு போனது. நான் கேட்டுப் பெற முடியாத சைடு லைட். மரத்தின் ரேகைகள் வடிந்த கடல்நீர் விட்டுப்போன மணல்வரிகளைப் போல எழுந்தன. நீலப் பெயிண்டுக்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் காவி. ஒவ்வொரு ஆணியிலிருந்தும் துருக்கோடு வழிந்திருந்தது. வெளிச்சம் அளக்கும் லைட் மீட்டர் கையில் இருப்பதே சற்று நேரம் மறந்துபோயிற்று.

ட்ரைபாடில் வைத்து மூன்று எக்ஸ்போஷர் எடுத்தேன். தோள் உயரத்தில், விளிம்போரம் ஓரிடம் மட்டும் பெயிண்டே இல்லாமல் வழவழவென்று கறுத்திருந்தது. உப்பின் வேலை என்று நினைத்தேன். 'உப்புக்காற்று தின்ற கதவு' என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

கரையில் சத்தம் கேட்டது. பிலோமினா கணவரோடு வந்தார். "காத்துல வள்ளத்துப் பாய் கிழிஞ்சிட்டு. துடுப்புப் போட்டே வந்தோம்" என்றார் அவர், வாசலிலேயே உட்கார்ந்து.

"இப்பச் சாத்துதேன் சார், எடுத்துக்கிடுங்க." பிலோமினா காலால் கல்லைத் தள்ளி, கதவைப் பிடித்தார். அவர் உள்ளங்கை அந்தக் கறுத்த இடத்தில் அச்சாகப் பொருந்தியது. இத்தனை வருடமும் அங்கே பிடித்துக்கொண்டுதான் கடலைப் பார்த்திருக்கிறார்.

குறிப்பேட்டில் எழுதியதை அடித்துவிட்டேன். அதன்பின், தேய்ந்த இடத்தைக் கண்டால் யார் கை என்று கேட்காமல் நான் படத்துக்குக் குறிப்பு எழுதியதில்லை.