பூட்டை இழுப்பவன் வில்கமுவ போன கதை

சனிக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு மாத்தளை பஸ் நிலையத்திலிருந்து நாவுலப் பக்கம் முதல் பஸ் புறப்படும். ஐந்து நாற்பதுக்கு நான் எங்கே நின்றேன் என்று கேட்டால், என் தையல் கடை வாசலில் பூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றேன்.

"மச்சான், பூட்டு கழன்டு கையோட வந்திடும். விடுங்க," என்றான் சாலி. என் மனைவியின் தம்பி. வழித்துணைக்கென்று மனைவி அனுப்பிய ஆள்.

"ஒருக்கா பார்த்திட்டு வாறேன்."

"இது எத்தனையாவது ஒருக்கா?"

"ஆறு."

"ஏழோட நிப்பாட்டுங்க. பஸ் டிரைவர் என்ன உங்க வீட்டு மாப்பிள்ளையா, காத்துக்கொண்டு நிக்க?"

ஏழாவது முறை இழுத்துவிட்டு ஓடினோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், ஏழாவது தரம் இழுத்தேனா, இழுத்ததாக நினைத்தேனா என்ற யோசனை வந்தது. சாலி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இழுத்தீங்க," என்றான். நான் வாய் திறக்கவே இல்லை.

போகும் காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்களிடையே இந்த வியாதிக்கு 'வஸ்வாஸ்' என்று பெயர். ஷைத்தான் காதோரம் வந்து ஊதுகிற சந்தேகம் என்பார்கள். எனக்குப் பூட்டில் உண்டு, அடுப்பில் உண்டு, எல்லாவற்றிலும் மோசமாகத் தொழுகையில் உண்டு. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் உளூவில், கழுவிய கையையே திரும்பக் கழுவுவேன். பிறகு தக்பீர். இரு கைகளையும் காது வரை தூக்கி, மனதில் நிய்யத்தை, இன்ன தொழுகையைத் தொழுகிறேன் என்ற எண்ணத்தை, வைத்து, 'அல்லாஹு அக்பர்' என்று ஒரு தரம் சொல்லிக் கையைக் கட்ட வேண்டும். நான் சொல்லி முடித்ததும், "வாய் சொன்னது, மனம் அங்கே இருந்ததா?" என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். கையை இறக்கி மறுபடியும் தூக்குவேன். பள்ளிவாசலில் எல்லோரும் குனிந்து எழும்பும்போதும் நான் கடைசித் தூணோரம் பறக்கப் பழகும் கோழிக்குஞ்சு மாதிரி கையைத் தூக்கி இறக்கிக்கொண்டு நிற்பேன். 'சந்தேகக் கோடு சந்தோஷக் கேடு' என்று சும்மாவா சொன்னார்கள்?

இதனால் எனக்கு மட்டும் கேடு என்றால் போகட்டும். வாப்பா மௌத்தாகி, தகப்பனில்லாத தங்கச்சி பரீதாவுக்கு நான்தான் பொறுப்பு. போன வருடம் ஒரு வீட்டார் அவளைப் பார்க்க வந்தார்கள். அஸர், பின்னேரத் தொழுகை நேரம். "உளூ எடுத்திட்டு வாறேன்," என்று பின்பக்கம் போன நான் திரும்பி வரும்போது இரண்டாம் முறை ஊற்றிய தேநீரும் ஆறிக் கிடந்தது. இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது: 'அண்ணனுக்கு மண்டைக் கோளாறு, தங்கச்சிக்கும் இல்லையென்று யார் கண்டது?' பரீதா எழும்பி அடுப்படிக்குப் போனாள். அவர்கள் குடித்த கோப்பைகளைத் திரும்ப ஒருமுறை கழுவி உள்ளே அடுக்கினாள்.

இப்போது வில்கமுவையிலிருந்து இன்னொரு சம்பந்தம். காசிம் நானா (அண்ணனை நாங்கள் நானா என்போம்) மாத்தளைப் பக்கத்து ஆள்தான். காடு வெட்டிக் குடியேற்றம் வந்தபோது கூடவே போய் அங்கே கடை போட்டவர். மகன் நூர்தீன். "வந்து எங்க இடத்தைப் பாருங்க, பிடிச்சா பேசுவோம்," என்று ஆள் அனுப்பியிருந்தார். மாப்பிள்ளையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ எனக்குக் கவலை இல்லை. ஒரே கவலை, நாங்கள் போய்ச் சேரும் நேரம் லுஹர், நடுப்பகல் தொழுகை நேரம்.

நாவுல, காலை ஏழு மணி. பதினேழு மைல், எழுபத்தைந்து சதம். வழி நெடுக மலை தணிந்து, காற்று காய்ந்து, மிளகுக் கொடி ஏறிய மரங்கள் குறைந்துகொண்டே வந்தன. சந்திக் கடையில் பிளேன்டீ பத்துச் சதம், பனங்கட்டித் துண்டு இலவசம். அங்கிருந்து எலஹெரவுக்கு இன்னொரு பஸ், எழுபது சதம். அது எட்டரைக்கு வர வேண்டியது, ஒன்பதேகாலுக்கு வந்தது. தாமதத்துக்குக் காரணம் கேட்டேன். "வந்திட்டுதே, இனி என்ன காரணம்?" என்றார் கொண்டக்டர். நல்ல பேச்சு. குறித்து வைத்துக்கொண்டேன்.

எலஹெரவிலிருந்து பஸ் கிடையாது. நெல் ஏற்றப் போகும் லொறி ஒன்று அகப்பட்டது. பண்டா என்ற டிரைவர், தலைக்கு ஒரு ரூபா கேட்டார். தூரம் எவ்வளவு என்றால் ஒருவர் பத்தொன்பது மைல் என்றார், இன்னொருவர் இருபத்திரண்டு என்றார். பண்டா, "மைல்கல்லைக் கணக்குப் பார்த்தா பத்தொன்பது, குழியையும் சேர்த்தா இருபத்திரண்டு," என்றார்.

லொறியின் இடப்பக்கக் கதவுக்குக் கொளுக்கி இல்லை. கயிறு. கயிற்றோரம் நான். முடிச்சைப் பிடித்துப் பார்த்தேன், விட்டேன். மறுபடி பிடித்தேன். ஒரு மைல் போவதற்குள் பண்டா திரும்பிப் பார்த்தார்.

"மாத்தயா, அந்தக் கயிறு பத்து வருஷமா அவிழல்ல. நீங்க பார்க்கப் பார்க்கத்தான் அதுக்குப் பயம் வருது."

சாலி சிரித்த சிரிப்பில் லொறி இன்னொரு குழியில் விழுந்தது. நான் கையை எடுத்து மடியில் வைத்தேன். கை மடியில் இருந்தது, மனம் முடிச்சில் இருந்தது. இரண்டு பக்கமும் பாலை மரமும் இலுக்குப் புல்லும். காடு வெட்டி எரித்துப் பயிரிட்ட சேனைகளைச் சுற்றிக் கம்பு வேலி, வேலியில் தகர டின்கள். காற்றடிக்கும்போது அவை கலகலவென்றன. யானைக்காக என்றார் பண்டா.

பகல் பன்னிரண்டே காலுக்கு இறங்கினோம். கடையும் வீடும் ஒன்றாய் இணைந்த தகரக் கூரைக் கட்டடம். காசிம் நானா கட்டையான மனிதர், வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். கட்டிப்பிடித்து ஸலாம் சொன்னார். அந்த நேரம் நூர்தீன் சைக்கிளில் இரண்டு பக்கமும் தண்ணீர் டின் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். சட்டை முழுக்க வேர்வை.

"கிணறு வத்திப்போச்சு," என்றார் காசிம் நானா. "ஒன்றரை மைல், ஆத்திலருந்துதான் கொண்டுவாறோம். வாங்க, உளூ எடுங்க."

கொல்லையில் ஒரு குடம், ஒரு சிரட்டை. அந்தக் குடத்தில் கடையாட்கள் இருவரோடு ஆறு பேர் உளூ எடுக்க வேண்டும். விருந்தாளி என்று என்னை முதலில் விட்டார்கள். முகம் மூன்று தரம், கை மூன்று தரம், தலை தடவி, காலும் மூன்று தரம். நாலாவது தரத்துக்குச் சிரட்டை தானாகக் குடத்துக்குள் போனது. எட்டிப் பார்த்தேன். நூர்தீன் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தான். அவன் ஒன்றரை மைல் மிதித்துக் கொண்டுவந்த தண்ணீர் அது. சிரட்டையைக் குடத்தின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பினேன். குதிகால் நனையவில்லையோ என்ற சந்தேகம் மட்டும் கூடவே வந்தது.

உள்ளே பாய் விரித்தாயிற்று. நான் வழக்கம்போலக் கடைசி மூலைக்கு நகர்ந்தேன்.

"டெய்லர், முன்னுக்கு நில்லுங்க," என்றார் காசிம் நானா.

தொழுவிக்கச் சொல்கிறார்! இருபது வருடமாக நான் இமாமாக நின்றதில்லை. "வீட்டுக்காரருக்குத்தானே உரிமை, நானா," என்று சட்டம் பேசினேன்.

"அந்த உரிமையை உங்களுக்குத் தந்தாச்சு."

சாலி என்னைக் காப்பாற்றப் பார்த்தான். "மச்சானுக்குத் தொண்டை சரியில்ல."

"லுஹர்ல வாய்க்குள்ளதானே ஓதுறது? அதுக்குத் தொண்டை என்னத்துக்கு?"

முன்னால் போய் நின்றேன். முதுகுக்குப் பின்னால் ஐந்து பேர், அதில் ஒருவர் சம்பந்தி ஆகலாம், ஒருவன் மாப்பிள்ளை ஆகலாம். கையைத் தூக்கினேன், சொல்லாமலே இறக்கினேன். மறுபடி தூக்கினேன், இறக்கினேன். பின்னால் யாரோ இருமினார்கள். மூன்றாவது தரம் தூக்கி, "அல்லாஹு அக்பர்," என்றேன்.

சொன்ன மறுகணமே உள்ளே அந்தக் குரல். மனம் எங்கே இருந்தது? கை அவிழப் பார்த்தது. அதற்குள் பின்னாலிருந்து ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக, "அல்லாஹு அக்பர்," என்று சொல்லிக் கையைக் கட்டிவிட்டார்கள்.

தையல்காரர்கள் நடுவே ஒரு சொல் உண்டு: 'ஒருக்கா வெட்டினா துணி, ரெண்டு தரம் வெட்டினா கந்தல்.' பூட்டை ஏழு தரம் இழுக்கும் நான் துணி வெட்டும்போது மட்டும் தயங்கியதில்லை. கத்தரி போன பிறகு சந்தேகத்துக்கு எங்கே இடம்? பின்னால் கேட்ட அந்த ஐந்து குரலும் கத்தரி துணியில் இறங்குகிற சத்தம் போலிருந்தன. இனி அவிழ்த்தால் ஐந்து பேரின் தொழுகையும் கந்தல். கையை இறுக்கிக் கட்டி ஓதத் தொடங்கினேன். நாலு ரக்அத்தும் தொழுவித்து ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது, சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. குதிகால் ஞாபகம் அப்போதுதான் வந்தது. அதுவரை அது எங்கே போயிருந்தது என்று எனக்கே தெரியாது.

ஒன்றரை மணிக்குச் சாப்பாடு. பெரிய தாம்பாளத்தில் சோறு, நடுவில் குழம்பாய் ஆற்று மீன் ஆணம், பூசணிக்காய்ப் பால் கறி. சுற்றி ஆறு பேர். மூன்றாவது கவளத்தில் கதவுச் சேலைத் திரைக்குப் பின்னாலிருந்து நூர்தீனின் உம்மா பேசினார்.

"தம்பி மூணு தரம் கையைத் தூக்கினீங்களே. சன்னலால பார்த்தேன்."

சாலி சோற்றுக்குள் எதையோ தேடத் தொடங்கினான். நான் எடுத்த கவளத்தைத் திரும்பத் தாம்பாளத்தில் வைத்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

"எனக்கு வஸ்வாஸ் இருக்கு. பூட்டிலயும் இருக்கு, தொழுகையிலயும் இருக்கு. தங்கச்சிக்கு இல்ல. அவ ஒருக்கா மூடின கதவைத் திரும்பிப் பார்க்கமாட்டா. என்னைப் பார்த்து அவளை வேணாம்னு சொல்லிடாதீங்க."

"தெரியும்," என்றார் அந்த அம்மா. "போன வருஷம் உங்க வீட்டுக்கு வந்தவங்க எங்க சொந்தம்தான். மண்டைக் கோளாறுன்னு இங்க வந்தும் சொன்னாங்க."

"அதைக் கேட்டுத்தான் உங்களைப் பார்க்கணும்னு எனக்கு ஆசை வந்தது," என்றார் காசிம் நானா. "இங்க யானை வாற ஊர். பின்னேரத்தில மூணு சுத்து வேலியைப் பார்க்கிறவன் சேனையிலதான் சோளம் மிஞ்சும். ஒரு சுத்தோட படுக்கப் போனவன்லாம் இப்ப என்ட கடையில கடன் சொல்றான். பூட்டாத அண்ணனைவிட ஏழு தரம் பூட்டின அண்ணன் நல்லது இல்லியா?"

"அப்ப என்னத்துக்கு அந்தத் தம்பியை முன்னுக்கு நிப்பாட்டி வேர்க்க வெச்சீங்க?" என்று சேலைக்குப் பின்னாலிருந்து அதட்டல் வந்தது.

"நிக்காஹ் அன்டைக்கு வலியா, பொண்ணுக்குப் பொறுப்பாளியா உட்கார்ந்து, 'என் தங்கச்சியை உனக்குக் கட்டித் தந்தேன்'னு சொல்லப்போறது இவர்தானே. ஒருக்கா சொல்லி நிப்பாட்டக்கூடிய ஆளான்னு எனக்கும் தெரியணும். ரெண்டாம் தரம் சொன்னா, மகன் ரெண்டாவது பொண்ணு கேட்பானே!"

நூர்தீன் காது சிவக்கக் குனிந்தான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "யானைக்கு வேலி வேணும் தம்பி. அல்லாஹ்வுக்கு என்னத்துக்கு வேலி? அவன் ஒருக்கா சொன்னாலே கேட்கிறவன்."

நானும் மார்க்கம் படித்த எத்தனையோ ஆலிம்களிடம் போயிருக்கிறேன். ஓதச் சொன்னார்கள், ஊதி விட்டார்கள். இப்படி ஒரு பேச்சை யாரும் சொல்லவில்லை. அந்தக் கவளத்தை விழுங்கிய பிறகுதான் ஆணத்தில் புளி கொஞ்சம் கூடுதல் என்று தெரிந்தது. சோற்றின் ருசி தெரியுமளவுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியிருந்தது.

பின்னேரம் ஐந்து மணிக்குக் காசிம் நானாவுடன் வேலி பார்க்கப் போனேன். அவர் ஒவ்வொரு கட்டையையும் இழுத்துப் பார்த்தார். நானும் இழுத்தேன். மூன்று சுற்று. இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்ததால் யாரும் சிரிக்கவில்லை. தளர்ந்திருந்த ஒரு கட்டையை நான்தான் கண்டுபிடித்தேன். "இவர் இங்கயே இருந்தா நல்லது," என்றார் அவர். பெருநாள் முடிந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் என்று அந்த வேலியோரம் வைத்தே முடிவாகியது.

மறுநாள் காலை ஆறரைக்கு அதே பண்டாவின் லொறி, நெல் மூட்டைகளோடு. அதே கயிறு. ஒரு தரம் இழுத்தேன். இன்னொரு தரமும் இழுத்தேன். பண்டா திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தரம் இழுக்கவில்லை என்று சொன்னால் பொய், ஆனால் நாலாவது இல்லை. "கயிறு இன்டைக்குச் சந்தோஷமா இருக்கு," என்றார் அவர்.

வழியெல்லாம் ஒன்றை யோசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊரில் குழாயைத் திறந்தால் தண்ணீர். தண்ணீர் ஓடும் மட்டும் சந்தேகமும் ஓடும். வில்கமுவையில் தண்ணீர் ஒரு குடம், அதனால் சந்தேகத்துக்கும் ஒரு குடத்துக்கு மேல் இடமில்லை. அங்கே போய் இருக்க என்னால் முடியாது, யானைக்குப் பயம். ஆனால் அந்தக் குடத்தை மனதில் கொண்டுவந்துவிட்டேன். நாவுலவில் லுஹர் தொழுதேன், தனியாக. நாலாவது தக்பீரில் கை கட்டிக்கொண்டது. எனக்கு அது பெருநாள்.

மாத்தளையில் இறங்கும்போது மூன்றரை மணி. கடை வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பூட்டு பூட்டியபடியே தொங்கியது. தொடாமல் கடந்தேன் என்று எழுத ஆசைதான். ஒரு விரலால் தொட்டேன்.

வீட்டுக் கதவைத் திறந்தது பரீதா. என் முகத்தையும் பார்த்தாள், பின்னால் நின்ற சாலியின் முகத்தையும் பார்த்தாள். கேட்கவில்லை. கேட்டு, போன வருடம் மாதிரிப் பதில் வந்துவிடுமோ என்ற பயம் அவள் கண்ணில் இருந்தது.

"சரி வந்திட்டுது தங்கச்சி," என்றேன். "பெருநாள் கழிச்சு மூணாவது ஞாயிறு."

அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"என்ன சொன்னீங்க நானா? இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னேன். அடுப்படியிலிருந்து என் மனைவி ஓடி வந்தாள். அவளுக்காக ஒரு தரம் சொன்னேன். பரீதா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கடைசியா ஒருக்கா," என்றாள்.

சாலி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். "மச்சான், இது நாலு. ஏழு வரைக்கும் போகலாம்."