எதையும் தொடாதீங்க

என் நாத்தனாருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இதை அவள் என்னிடம் சொன்னபோது நான் அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை. அதனால்தான் அடித்துச் சொல்கிறேன், இது நடந்தது. ராத்திரியில்கூட இல்லை, பட்டப்பகலில் நடந்தது.

அவளுக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. யாருடைய கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் போன் இவளுக்குத்தான் வரும். எடுத்ததும் ஒரே வசனம்: "எதையும் தொடாதீங்க. இதோ வரேன்." சொல்லாவிட்டால் ஆளுக்கொரு பொத்தானை அமுக்கி நிலைமையை இன்னும் மோசமாக்கிவிடுவார்களாம். வாயில் ஊறிப்போன அந்த வசனம் வீட்டிலும் வரும். அடுப்பில் பால் பொங்கினால்கூட அதையேதான் சொல்வாள். என் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'தொடாதே அத்தை'.

அந்த நிறுவனத்தின் கணக்குகள், கடிதங்கள், போனில் பேசுகிற பேச்சுகள் எல்லாவற்றுக்கும் தினமும் ஒரு நகல் எடுத்து டேப்பில் வைப்பார்கள். அதுதான் பேக்கப். அதைச் செய்கிற மென்பொருளுக்கு வருடா வருடம் லைசென்ஸ் கட்டணம் அழ வேண்டும். அந்த வருடம் விற்கிறவன் விலையைக் கண்டபடி ஏற்றிவிட்டான். மேலாளர் இவளைக் கூப்பிட்டார். "பாதி விலையில வேற ஒண்ணு பாரும்மா. நல்லபடியா முடிச்சுக் குடுத்தா உன் வேலைய நிரந்தரமாக்குறது என் பொறுப்பு." நாலு வருடமாக ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தவள் விடுவாளா?

மூன்று மென்பொருள்களை வரவழைத்து ஓட்டிப் பார்த்தாள். முதலாவது மலிவுதான், ஆனால் போன் பதிவுகளை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருந்தது. இரண்டாவதில் ஒவ்வொரு சர்வருக்கும் தனியாகப் பணம் பிடுங்கினார்கள். மூன்றாவது எல்லாவற்றிலும் தேறியது. ஒரே ஒரு சோதனை பாக்கி. பழைய மென்பொருள் எழுதிய டேப்பைப் புதியது படிக்க வேண்டும். நகல் எடுப்பது பெரிதில்லை, எடுத்ததைத் திரும்பக் கொண்டுவர முடிகிறதா என்பதுதான் கேள்வி. "இருக்குறதுலேயே பழைய டேப்பா எடு" என்றார் மேலாளர்.

வேலை நாளில் இதைச் செய்ய முடியாது. ஒரு விடுமுறை நாளில் போனாள். கட்டிடத்தில் கீழே வாசலில் காவலாளி, மேலே இவள். வேறு ஈ காக்கை இல்லை. அலமாரியின் அடித்தட்டில் கிடந்த டேப்பை எடுத்தாள். இவள் வேலைக்குச் சேர்வதற்கு ஐந்து வருடம் முந்தையது. சர்வர் அறைக்குப் போய் அதை இயந்திரத்தில் சொருகினாள். க்ர்ர்ர்... டக். சுற்றத் தொடங்கியது. நடைபாதையைக் கடந்து தன் மேசைக்கு வந்து, திரையில் சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றெட்டு சதவீதம். அப்போது மேசை போன் அடித்தது.

வெளி அழைப்பு நீளமாக அடிக்கும். இது குட்டி குட்டியாக அடித்தது. கட்டிடத்துக்குள்ளிருந்தே யாரோ கூப்பிடுகிறார்கள்.

"ஹலோ... யாராவது இருக்கீங்களா?" ஆண் குரல். மூச்சு வாங்கியது. "சர்வர் ரூம்ல இருக்கேன். கதவு திறக்க மாட்டேங்குது."

ஏசி பார்க்க வந்த ஆள் என்று நினைத்தாள். எதையாவது பிடுங்கி வைத்தால் டேப் பாதியில் நின்றுவிடும். வாய் தானாக ஓடியது.

"எதையும் தொடாதீங்க. இதோ வரேன்."

"சரிம்மா."

போனை வைத்தாள். இரண்டு சதவீதம்தானே, முடியட்டும் என்று உட்கார்ந்தே இருந்தாள். முடிந்த பிறகுதான் எழுந்தாள்.

நடைபாதையில் பாதி தூரம் போனபோதுதான் அவளுக்கு உறைத்தது. சர்வர் அறைக் கதவு உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளாது. கை வைத்துத் தள்ளினாலே திறக்கும்.

கதவைத் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை.

இயந்திரங்களின் இரைச்சல் மட்டும். கதவோரம் கண்ணாடியை உடைக்கும் சுத்தியல் எப்போதும்போல் தொங்கியது. பேசினாரே, போன் எங்கே என்று சுவரைப் பார்த்தாள்.

போன் இல்லை. ஒரு காலத்தில் இருந்ததற்கு அடையாளமாக இரண்டு ஆணித் துளைகள்...

திரும்பினாள். கதவின் நீளமான கண்ணாடியில், உள்பக்கம், ஆவி படிந்திருந்தது. மூச்சுக்காற்று பட்டது போல.

இடுப்பு உயரத்தில்.

தரையில் உட்கார்ந்து, கதவில் சாய்ந்திருக்கும் ஒருவரின் மூச்சு...

ஓடி வந்து காவலாளிக்குப் போன் செய்தாள். "மேல யாராவது வந்தாங்களா?"

"உங்களத் தவிர யாரும் வரலையேம்மா."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் டேப்பிலிருந்து வந்த கோப்புகளில் ஒன்றையாவது திறந்து பார்த்தால்தான் சோதனை முடியும். எல்லாம் போன் பதிவுகள். கடைசியாக இருந்ததைத் திறந்தாள். ஹெட்போனை மாட்டினாள்.

"ஹலோ... யாராவது இருக்கீங்களா?"

அதே குரல். அதே மூச்சு.

"...கதவு திறக்க மாட்டேங்குது."

பிறகு ஒரு பெண் குரல்.

"எதையும் தொடாதீங்க. இதோ வரேன்."

அவள் குரல்.

"சரிம்மா..."

பதிவு அங்கே நிற்கவில்லை. அவர் போனைக் கீழே வைக்கவில்லை.

மூச்சு. இரைச்சல்.

டொக்... டொக்...

"வந்துட்டீங்களாம்மா?"

டொக்...

"அம்மா...?"

அதற்குமேல் அவளால் கேட்க முடியவில்லை.

மறுநாள் காவலாளியிடம் கேட்டாள். மென்று விழுங்கித்தான் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன் டேப் மாற்றுவதற்கென்றே ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் டேப்காரர். ஒரு விடுமுறை நாளில் வந்து, அன்றைய டேப்பை மாட்டியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து, அப்போது கதவில் இருந்த மின்பூட்டு சிக்கிக்கொண்டது. தீயணைக்கும் வாயு உருளையும் கசிந்து, அறையில் மூச்சுவிடக் காற்றில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது, சாய்ந்து உட்கார்ந்தபடியே சரிந்தார். கையில் போன். அவர் மாட்டிய டேப் தன் பாட்டுக்கு ராத்திரி ஓடி, அந்த அழைப்பையும் நகல் எடுத்து வைத்திருந்தது.

"ஒரு பொம்பளக் குரல் பேசியிருக்கும்மா. மேல ஒருத்தரும் இல்லாத நாளு. ஆபீஸ்ல இருந்த பொண்ணுங்க எல்லாரையும் பேசச் சொல்லிக் கேட்டாங்க. யாரு குரலோடயும் ஒத்துப்போகல."

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஆறாதது வேற ஒண்ணு. சுத்தியல் அவர் தலைக்கு மேலயே தொங்குச்சு. ஒரு அடி அடிச்சிருந்தா கண்ணாடி உடைஞ்சிருக்கும். அந்த மனுஷன் அதத் தொடவே இல்ல."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த வசனம் அவருக்கும் தெரியும். இவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதிய மென்பொருளை வாங்கினார்கள். செலவு பாதியானது. அவள் வேலையும் நிரந்தரமானது. இப்போது அவள் அந்த வசனத்தைச் சொல்வதே இல்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று என் பிள்ளைகளையும் நான் கண்டித்து வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒவ்வொரு விடுமுறை நாளும் அவள் அலுவலகத்துக்குப் போகிறாள். மேசை போன் பக்கத்தில் சாயந்திரம் வரை உட்கார்ந்திருக்கிறாள். எதற்கு இப்படிப் பயந்து சாகிற இடத்துக்கே போகிறாய் என்று அழாத குறையாகக் கேட்டுவிட்டேன்.

"மறுபடி கூப்பிட்டா சொல்லணும், அண்ணி. காத்திருக்காதீங்க, சுத்தியல எடுத்து உடைங்கன்னு சொல்லணும்."

போன் இதுவரை அடிக்கவில்லை.