லிஃப்ட்காரரின் ஆரஞ்சுக் கணக்கு

"ரத்தத்துல பழம் இருக்கான்னு பார்க்கிறீங்களாமே?" என்றார் மாமா.

"பழம் இல்ல மாமா, வைட்டமின் சி. உங்களுக்கு ரொம்பக் கம்மி. சிகரெட் பிடிச்சா சீக்கிரம் செலவாயிடும்."

"விருந்தாளி வந்த வீட்டுல சர்க்கரை போற மாதிரியா?"

"போறது மட்டுமா? வரவே இல்லையே. அத்தை நறுக்கித் தர்ற பழத்தை எல்லாம் ரிசப்ஷன் பொண்ணுக்குத் தானம் பண்றீங்க."

"அடிப்பாவி, போட்டுக் கொடுத்துட்டாளா!"

ஆறாவது மாடியிலிருந்து கீழே வருவதற்குள் நடந்த பேச்சு இது. மாமா அந்தக் கட்டடத்தின் லிஃப்ட்காரர். மருமகளுக்கு ஆறாவது மாடி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீட்டில் வாய் திறக்காதவள், லிஃப்டில் வேறு ஆள் இல்லாவிட்டால் நாலு வார்த்தை பேசுவாள்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு ஸ்டூல், ஒரு வரிசை பட்டன்கள், ஓயாமல் முனகும் சின்ன மின்விசிறி. மாமாவின் பகல் முழுக்க அதற்குள்தான். மாற்று ஆள் வந்ததும் சாப்பாட்டுப் பையைத் தொடாமல் மொட்டை மாடிக்கு ஓடுவார். இரண்டு சிகரெட், ஒரு டீ. அதுதான் மதியச் சாப்பாடு. புகையில் நாக்கு மரத்துப்போனதில் பழம் அவருக்கு நனைந்த காகிதமாகத்தான் இருந்தது. லிஃப்ட் மொட்டை மாடி வரை போகாது. கடைசிப் படிக்கட்டை நடந்துதான் ஏற வேண்டும். கொஞ்ச நாளாக அதில் பாதியிலேயே மூச்சு வாங்கியது. "சிகரெட்டை விடலைன்னா வீட்டு வாசப்படி ஏறவும் ஆள் பிடிக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு ஸ்டூலில் ஒரு ஆரஞ்சுப் பை தொங்கியது. ஒரு சிகரெட்டுக்கு ஒரு பழம். லிஃப்ட் முழுக்கத் தோல் வாசனை.

"என்ன, பழக்கடை போட்டுட்டீங்களா?" என்றார் லிஃப்டில் ஏறிய ஒருவர்.

"செலவுக்கு வரவு வைக்கிறேன் சார்."

அடுத்த முறை மருமகள் ரத்தம் எடுத்தபோது அளவு நன்றாகவே ஏறியிருந்தது. சந்தோஷத்தில், யோசிக்காமல், ஓடிவந்து சொன்னாள். மாமாவின் முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து இரண்டு சிகரெட் மூன்றாயிற்று.

"மாமா, வைட்டமின் ஏறினா நெஞ்சு சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்ல. புகை போற இடத்துக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கு."

"நல்லா இருக்குன்னு நீதானேம்மா சொன்னே!"

வீட்டில் அத்தை, "மனுஷன் இப்படி ஊதித் தள்றாரே, நீ என்னதான் சொன்னே அவர்கிட்ட?" என்று கேட்டபோது தலை குனிந்து பாத்திரம் தேய்த்தாள். தினமும் அந்த லிஃப்டில்தான் ஏறி இறங்க வேண்டும். கதவு மூடியதும் ஆரஞ்சு வாசனையும் அதற்கடியில் புகை வாசனையும் சேர்ந்து வரும்; அவள் பட்டன்களையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒருநாள் மதியம் மாமா திரும்பி வரவில்லை. மாற்று ஆள் கேட்டு அனுப்ப, மருமகள் மொட்டை மாடிப் படிக்கட்டுக்குப் போனாள். பாதிப் படியில் உட்கார்ந்திருந்தார். கையில் பற்றவைக்காத சிகரெட், சட்டைப்பையில் புடைத்துக்கொண்டு ஒரு ஆரஞ்சு. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. நெஞ்சுக்குள் விசில் சத்தம். அவள் ஒரு படி கீழே உட்கார்ந்து, அது அடங்கும் வரை காத்திருந்தாள்.

"மறுபடி ரத்தம் எடுப்பே இல்ல?"

"எடுப்பேன் மாமா."

"எவ்வளவு நல்லா இருந்தாலும் மோசம்னே சொல்லிடும்மா. நல்லா இருக்குன்னு கேட்டா நான் மேலே ஏறிடுவேன்."