ஆமென் போடாத அண்ணி

பெட்ஷீட்டைத் தனியா மடிக்கும்போதெல்லாம் எங்க அண்ணி ஞாபகம் வந்துடும். ஒரு ஓரத்தை மோவாயில இடுக்கிக்கிட்டு, இன்னொரு முனைக்குக் கை எட்டாம நான் படுற பாட்டைப் பார்த்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்க. அவங்க போய்ச் சேர்ந்து வருஷமாச்சு. இப்போ நான் முணுமுணுத்துக்கிட்டே மடிக்கிறேன். யார்கிட்ட பேசுறேன்னு பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியா எட்டிப் பாக்குறா. பாக்கட்டும்.

அண்ணின்னா என் கூடப்பொறந்த அண்ணனோட பொண்டாட்டி. எனக்கும் அண்ணிக்கும் ஒரே ஆஸ்பத்திரியில, துணி மடிக்கிற அறையில வேலை. கட்டடத்துக்கு அடியில, ஜன்னலே இல்லாத அறை. துவைச்ச துணி சூடு ஆறாம தள்ளுவண்டியில வந்து குவியும். ஆளுக்கு ரெண்டு முனையைப் பிடிச்சு, உதறி, ரெண்டா மடிச்சு, நடந்து வந்து முனையோட முனை சேர்க்கணும். நாத்தனாரும் அண்ணியும் நாள் பூரா மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டு நிக்கிற வேலை. எந்தப் புண்ணியவான் போட்டுக் குடுத்தானோ.

கிட்ட வரும்போதெல்லாம் அண்ணி வாய் ஓடிக்கிட்டே இருக்கும். "ஆண்டவரே, இதுல படுக்கப் போறவங்களுக்கு இன்னைக்காவது நல்லாத் தூக்கம் வரட்டும். சாப்பாட்டுல உப்பு போட்டேனா தெரியல, என் வீட்டுக்காரர் முணங்காம சாப்பிடணும்." மேற்பார்வையாளர் கத்திட்டுப் போனா, "ஆண்டவரே, இந்த மனுஷனுக்குக் கொஞ்சம் நல்ல புத்தி குடுங்க"ன்னு அவர் காதுல விழுற மாதிரியே சொல்லுவாங்க.

காலையில அடுப்பைப் பத்த வைக்கும்போது ஆரம்பிக்கிற ஜெபம், ராத்திரி படுக்கையில விழுந்தப்புறம்தான் ஆமென். அந்த அறையில அவங்களுக்குப் பேரே 'ஆமென் போடாத அக்கா'. எனக்குப் பேரு வாயாடி. கேக்காம இருப்பேனா?

"ஏன் அண்ணி, ஊர்ல எல்லாரும் ரெண்டு நிமிஷம் ஜெபம் பண்ணி, ஆமென் போட்டுட்டு வேலையைப் பாக்குறாங்க. நீங்க மட்டும் ஏன் இந்த இழு இழுக்குறீங்க?"

"ஆமென் போட்டா பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம்டி. எனக்கு எங்க முடிஞ்சுது?"

"ஞாயித்துக்கிழமை கோயில்ல மட்டும் போடுறீங்களே?"

"அது பாதிரியாரோட ஜெபம். அதுக்கு அவரோட ஆமென். என்னோடது பாக்கி நிக்குது."

இந்தப் பொம்பளையை வாதாடி ஜெயிக்க முடியாது.

அப்புறம் எங்க அண்ணனுக்கு நுரையீரல்ல சீக்கு வந்து, அதே ஆஸ்பத்திரியில மேல்மாடியில சேர்த்தோம். மேல அவன், கீழ நாங்க. ஒரு மத்தியானம் அண்ணி ரெண்டு முனையைப் பிடிச்சுக்கிட்டு, "ஆண்டவரே, அவருக்கு அந்த மூச்சு மட்டும் கொஞ்சம்..."னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. மேல இருந்து நர்ஸ் இறங்கி வந்து வாசல்ல நின்னாங்க. "அக்கா, கொஞ்சம் மேல வாங்க." எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. கையில இருந்த துணி தரையில விழுந்தது.

அடக்கம் முடிஞ்சு வேலைக்குத் திரும்பின அண்ணி வாயைத் திறக்கல. உதறுவாங்க, மடிப்பாங்க, கிட்ட வருவாங்க, போவாங்க. ஒரு நாள் பொறுக்க முடியாம கேட்டேன்.

"ஏன் அண்ணி இப்பல்லாம் ஜெபமே காணோம்?"

"அவர்கூட எனக்குப் பேச்சு இல்ல."

"யார்கூட?"

கண்ணாலயே மேல காட்டினாங்க. "நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே பாதியில எழுந்து போயிட்டாரு. சொல்ல வந்ததைக்கூட முடிக்க விடல."

பள்ளிக்கூடப் பிள்ளைங்க 'டூ' விடுற மாதிரி. ஆனா எனக்குச் சிரிப்பு வரல. பாதிரியார் வீட்டுக்கு வந்து வசனம் வாசிச்சாரு. அவருக்குக் காபியைக் குடுத்து அனுப்பிட்டாங்க. நாளுக்கு நாள் உடம்பு இளைச்சு, சோத்தைப் பிசைஞ்சு அப்படியே வெச்சுட்டு எழுந்துடுவாங்க. எனக்குப் பயம் பிடிச்சுக்கிட்டுது. அண்ணனைத்தான் பறிகொடுத்தாச்சு. அந்தப் பேச்சும் நின்னே போச்சுன்னா, அண்ணின்னு ஒருத்தங்க நமக்கு மிஞ்ச மாட்டாங்கன்னு தோணுச்சு.

நான் வாய்விட்டு ஜெபம் பண்ணினவளே இல்ல. கோயில்ல கண்ணை மூடினா பாதி நேரம் தூக்கம்தான். ஆனாலும் ஒரு நாள் மத்தியானம், துணியை உதறும்போது எனக்கே தெரியாம ஆரம்பிச்சுட்டேன்.

"ஆண்டவரே, இவங்க உங்ககூடப் பேச மாட்டேங்குறாங்க. என்கூடவும் சரியாப் பேசுறதில்ல. போனது என் கூடப்பொறந்தவன், எனக்கும்தான் வலிக்குது. நீங்க செஞ்சது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கல. ஆனா இவங்களை மட்டும் கைவிட்டுடாதீங்க. இவங்க தொணதொணப்பு இல்லாம இந்த அறையில என்னால நிக்க முடியல."

அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியல. பதட்டத்துல, "ஆமென்"னு முடிச்சுட்டேன்.

அந்தப் பக்கம் துணி வெடுக்குன்னு இழுபட்டுது.

"யாருடி உன்னை ஆமென் போடச் சொன்னது?"

"தெரியாம வந்துடுச்சு அண்ணி."

"பட்டப்பகல்ல ஆமென் போட்டு வைக்கிறா பாரு. வண்டி நிறையத் துணி கிடக்கு."

திட்டும்போதே அவங்க கண்ணு நிறைஞ்சு வழிஞ்சுது. துடைக்கக் கை காலியா இல்ல, ரெண்டு கையிலயும் துணி. அப்படியே நடந்து வந்து, முனையை என் கையில சேர்த்துப் பிடிச்சாங்க.

"ஆண்டவரே, இவ தெரியாமப் போட்டுட்டா. அதைக் கணக்குல எடுத்துக்காதீங்க. அன்னைக்கு உங்ககிட்ட ஒரு மூச்சு கேட்டுக்கிட்டு இருந்தேன். இப்போ அது உங்ககிட்டயே இருக்கு. பத்திரமாப் பாத்துக்கோங்க."

அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கிட்டு என்னைப் பார்த்தாங்க.

"என்னடி நிக்கிற, அடுத்ததை எடு."